விலாசம் உள்ள சந்தேகம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

அன்புள்ள அம்மா, எனக்கு 36 வயது. யாழ்ப்பாணத்தில் வாய்ப்பாட்டுப் படித்து, வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரம் முடித்துக் கலாவித்தகர் பட்டமும் பெற்றேன். 9 வருடங்களாக இங்கே வீட்டில் வகுப்பு எடுக்கிறேன். 17 பிள்ளைகள். பைரவி ராகத்தில் 'த' என்ற ஸ்வரம், அதாவது தைவதம், இரண்டு விதமாக வரும்: தாழ்ந்தது சுத்தம், உயர்ந்தது சதுஸ்ருதி. போன மாதம் பைரவி வர்ணம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது 13 வயதுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், மேல போகாமல் 'த ப' எண்டு திரும்புற இடத்தில நீங்கள் சதுஸ்ருதி தைவதம் பாடுறீங்கள். நான் கேட்ட ஒலிப்பதிவு எல்லாத்திலயும் சுத்த தைவதம்தான்" என்றாள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு முகம் சுட்டது. "என்ர குரு இப்பிடித்தான் சொல்லித் தந்தவர். நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இரவு கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக அவள் வரவில்லை. இதற்கு முதலே, என்னிடம் 5 வருடம் படித்த வேறொரு பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டுபோய், சென்னையில் படித்துவிட்டு வந்த ஒரு ஆசிரியையிடம் சேர்த்துவிட்டார். அவரின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு எரிகிறது. ஆனால் தனியே இருக்கும்போது, எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது, இவ்வளவு நாளும் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது. மூன்று கிழமையாக நித்திரையும் சரியில்லை. நம் கவிஞர்களின் கவிதைகளுக்கு 11 மெட்டுப் போட்டுப் போனில் வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் போட்டுக் காட்டியதில்லை, அழித்துவிடலாம் போலிருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் பாடக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னேன். எனக்கு இருப்பது தலைக்கனமா, தாழ்வு மனப்பான்மையா? படிப்பிப்பதை விட்டுவிடவா?

அன்புள்ள பிள்ளை,

விட வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைப்போம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "இரவு கேட்டுப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அவ்வளவு கோபத்திலும் வெட்கத்திலும், பிள்ளைகள் போன பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காது கொடுத்திருக்கிறீர்கள். ஒரே பிழையைப் பாடாந்தரம், குரு வழி வந்த பாடம், என்று சொல்லியே வருடக்கணக்காகக் கடத்திவிடுபவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டீர்கள். காலையில் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

எனக்கு உங்கள் வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் என்னிடம் 6 வருடம் படித்த பிள்ளையைப் பெற்றோர் வேறோர் ஆசிரியரிடம் சேர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவளுக்கு அரங்கேற்றம். அழைப்பிதழ் எனக்கும் வந்தது. போய்க் கடைசி வரிசையில் இருந்து அவள் விட்ட பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. ஒரு கீர்த்தனையில் தாளம் இழுபட்டது, நிரவலில் ஒரு சொல் நடுவில் உடைந்தது, மேல் பஞ்சமம் எட்டவில்லை, இப்படி ஏழு. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டா: "பிள்ளை எப்பிடிப் பாடினவ? பெரிசா என்ன ராகம் எடுத்தவ?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது நிமிடத்துக்குக் குறையாமல் அவள் விரித்துப் பாடிய ராகம் எது என்று என் நினைவிலேயே இல்லை. ஏழு பிழையும் வரிசையாக நினைவில் இருந்தன. அன்றிரவு எனக்குப் பயம் பிடித்தது. பாட்டுக்காரிக்குத் தொண்டைக்கு முதல் காது வேண்டும். அந்தக் காது எனக்குத் தெரியாமலே பூட்டுப்பட்டிருந்தது.

அதே வருடம் என் சொந்தக் கச்சேரி ஒன்று. முன்வரிசையில் பெரிய வித்துவான் ஒருவர் வந்து இருந்தார். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் தலையசைக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று பார்த்தபடியே பாடினேன். தனி ஆவர்த்தனம் முடிந்து மிருதங்கக்காரர் கோர்வை வைத்தது எனக்குக் கேட்கவே இல்லை. பாட்டைத் திரும்பத் தொடங்க வேண்டிய இடமான எடுப்பைத் தவறவிட்டேன். பக்கத்தில் இருந்த வயலின்காரர்தான் பிடித்துத் தூக்கிவிட்டார்.

முதல் நாள் என்னிடம் இருந்தது கர்வம். இரண்டாம் நாள் இருந்தது பயம். காதுக்கு நடந்தது என்னவோ ஒன்றுதான். ஆகவே தலைக்கனமா, தாழ்வு மனப்பான்மையா என்ற உங்கள் கேள்விக்கு விடை தேடி நீங்கள் மினக்கெட வேண்டாம் என்பேன். காலையில் ஒன்று, இரவில் மற்றது என்று இரண்டும் ஒரே ஆளிடம் வந்து போகும். எது வந்தாலும் உங்கள் காது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். சில சந்தேகங்களுக்கு விலாசம் உண்டு. "பைரவியில் இந்தத் தைவதம் சரியா?" என்பது விலாசம் உள்ள சந்தேகம். அதை எடுத்துக்கொண்டு நீங்கள் எங்கேயாவது போகலாம்: ஒலிப்பதிவுக்கு, இன்னோர் ஆசிரியரிடம், விடியற்காலைச் சாதகப் பயிற்சிக்கு. ஒரு கிழமையிலோ ஒரு வருடத்திலோ பதில் கிடைத்துவிடும். "நான் உண்மையில் பாட்டுக்காரியா, ஏமாற்றுக்காரியா?" என்பதற்கு விலாசமே இல்லை. எந்த ஒலிப்பதிவும் அதற்குப் பதில் சொல்லாது, 100 கச்சேரி பாடினாலும் தீராது. 1978இல் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் நன்றாக முன்னுக்கு வந்த 150க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து அவர்கள் எழுதிய விஷயமே இதுதான்: பட்டமும் பாராட்டும் இருந்தும், தாங்கள் மற்றவர்களை ஏமாற்றுவதாகவும் ஒருநாள் பிடிபடப் போவதாகவும் அந்தப் பெண்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். தகுதி கூடினால் அந்தப் பயம் தானாகப் போய்விடும் என்று நினைத்து இன்னொரு பட்டத்துக்கு ஓடாதீர்கள்.

கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரை (1908–2003) எடுங்கள். அவருக்கு இயல்பாக இனிமையான குரல் வாய்க்கவில்லை. சின்ன வயதில், இந்தக் குரலுக்கு வாய்ப்பாடு சரிவராது, வயலின் படி என்று சொல்லக் கேட்டவர். அவருடைய சந்தேகத்துக்கு விலாசம் இருந்தது; அது தொண்டையில் இருந்தது. வருடக்கணக்கான சாதகத்தால் அந்தத் தொண்டையையே வழிக்குக் கொண்டுவந்தார். 1947இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. குரல் பற்றிய கவலையை "நான் லாயக்கில்லாதவன்" என்று அவர் மாற்றி எழுதியிருந்தால் நமக்கு அந்தப் பாட்டு கிடைத்திராது.

இனி அந்தப் பிள்ளையின் விஷயம். இதுதான் அவசரம்.

13 வயதில் பைரவியின் இரண்டு தைவதத்தையும் காதால் பிரித்தறிவது சின்ன விஷயம் இல்லை. ப த நி ஸ என்று ஏறும்போது சதுஸ்ருதி, இறங்கும்போதும் பஞ்சமத்துக்குத் திரும்பும்போதும் சுத்தம் என்று கொப்பியில் எழுதிவிடலாம். பாடும்போது கமகம் என்ற ஸ்வர அசைவுக்குள் அதைப் பிடிக்கக் காது வேண்டும். அந்தக் காதை யார் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? சரளி வரிசையிலிருந்து அவளை உங்கள் வீட்டுச் சுருதிப்பெட்டிக்கு முன்னால் இருத்தியது நீங்கள்தானே. உங்கள் பிழையை அவள் கண்டுபிடித்தது உங்கள் படிப்பிப்பின் பலன். அன்று அதைக் கொண்டாடத் தவறிவிட்டீர்கள்.

தாயிடம் போனில் கதைத்து, "பிள்ளையை வரச் சொல்லுங்கோ, நான் அவவோட ஒரு விஷயம் கதைக்க வேணும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவள் வந்த பிறகு, எந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஏசினீர்களோ அவர்களுக்கு முன்னாலேயே சொல்லுங்கள்: "அண்டைக்கு நீர் சொன்னதுதான் சரி. நான் பிழையாப் பாடினன், பிறகு கோவத்தில பிழையாக் கதைச்சும் போட்டன்." அவ்வளவு போதும். "ஐயோ, நான் எவ்வளவு கூடாத ரீச்சர்" என்று நீட்ட வேண்டாம். நீட்டினால் உங்களைத் தேற்றும் பாரம் அந்தச் சின்னப் பிள்ளையின் தலையில் விழும். அதைச் சொல்லி முடித்த கையோடு, அவளைக் கொண்டே அந்த இடத்தை இரண்டு விதமாகவும் பாடுவியுங்கள். மற்றப் பிள்ளைகள் எது பைரவி என்று கேட்டுச் சொல்லட்டும். கீபோர்டில் அமுக்கிக் காட்ட வேண்டாம். கமகம் இல்லாத தைவதம் இன்னும் குழப்பும். அன்றைய வகுப்பை அவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

குருவின் பெயரை இழுத்ததுதான் உங்களை உள்ளே கூட அரிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாடாந்தரம் என்பது உண்மை. ஒரே வர்ணத்தில் ஒரு சங்கதி, அதாவது ஒரு வரியைப் பாடும் விதம், இரண்டு பரம்பரையில் இரண்டு விதமாக இருக்கும், அதை மதிக்கத்தான் வேண்டும். இது அது இல்லை. இது ராக லட்சணம், ராகத்தின் அடிப்படை விதி. பெரும்பாலும் அவர் சரியாகத்தான் சொல்லித் தந்திருப்பார். இத்தனை வருடம் கூட இருந்து திருத்த ஆள் இல்லாமல் பாடியதில் உங்கள் தொண்டை தனக்கு வசதியான இடத்தில் போய் இருந்துவிட்டது. தனியே படிப்பிக்கிற எல்லாருக்கும் இது நடக்கும். எனக்கு சஹானாவில் நடந்தது.

ஆகவே நீங்கள் திரும்பவும் யாரிடமாவது மாணவியாகப் போக வேண்டும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். நான் 52 வயதில் என்னைவிட 20 வயது குறைந்த ஒரு வீணை ஆசிரியையிடம் போனேன். முதல் நாள் அவவின் வீட்டுப் படி ஏறக் கால் கூசியது. "அந்த மெட்டு இல்லை அக்கா, அதுக்குக் கீழ் மெட்டு" என்று அவ என் விரலை வீணைத் தண்டில் உள்ள அந்தக் கீழ் மெட்டுக்கு எடுத்து வைத்தபோது, என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிழமையும் எப்படி இருந்திருக்கும் என்பது பல வருடங்களுக்குப் பிறகு நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து பிள்ளைகளின் பாட்டை நான் இடைமறிக்கும் விதமே மாறிவிட்டது.

வகுப்பில் உங்கள் காது எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பெற்றோரிடம் கேட்டுவிட்டு ஒரு வகுப்பை முழுதாகப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்கும்போது இரண்டை மட்டும் கவனியுங்கள். ஒன்று, பிள்ளை பாடும்போது நீங்களும் சேர்ந்து பாடிக்கொண்டே இருக்கிறீர்களா? நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறோம். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு. பிள்ளையின் குரல் நம் குரலுக்குள் அமுங்கிப்போகிறது. அவள் சுருதி விலகுவது நமக்கும் கேட்காது, அவளுக்கும் கேட்காது. மற்றது, சுருதிப்பெட்டி யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது? உங்களுக்கு ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதி சுகம் என்பதற்காக எல்லாப் பிள்ளைகளும் ஐந்தரையில் கத்திக்கொண்டிருக்கிறார்களா? குரல் உடைகிற வயதில் ஒரு பெடியன் இருந்தால் இது அவனுக்குப் பெரிய வதை. தன் தொண்டையில்தான் கோளாறு என்று நினைத்து அவன் பாட்டையே விட்டுவிடுவான். அவனுக்காக இறக்கி வைத்தால் உங்களுக்குக் கீழ் ஸ்தாயியான மந்திரத்தில் குரல் பேசாது, பிள்ளைகளுக்கு முன்னால் உங்கள் பாட்டு எடுபடாது. எடுபடாவிட்டால் பரவாயில்லை. அந்த அரை மணித்தியாலம் அவனுக்கு உரியது.

உங்களை விட்டுப்போன பிள்ளையைப் பற்றி: உங்கள் நெஞ்சு எரிகிறதே, அந்தப் பொறாமைக்குப் பெயர் வித்துவக் காய்ச்சல். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்தில்லாமல் விட்டால் பாட்டைத் தின்றுவிடும். நான் செய்தது போலப் பிழை எண்ணப் போகாதீர்கள். அவள் எங்கேயாவது பாடினால் போய், அவள் எடுத்த ராகம் என்ன என்று சொல்லக்கூடிய விதமாகக் கேட்டுவிட்டு வாருங்கள். அந்த ஆசிரியை பாடினாலும் அப்படியே.

சென்னை முத்திரை என்ற ஒன்று கொழும்பில் இருக்கத்தான் செய்கிறது. இல்லையென்று நான் பூசி மெழுக மாட்டேன். மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்வந்தவருக்கும் அங்கே பட்டம் எடுத்தவருக்கும் பெற்றோர் மத்தியில் ஒரு மவுசு உண்டு. அங்கே கேட்க நிறைய இருக்கிறது, நல்ல பழக்கமும் கிடைக்கும், அந்த மரியாதையில் நியாயம் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்து இசைக் கல்லூரியில் தமிழ்நாட்டுப் பெரிய பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்து படிப்பித்தவர் என்பதையும் நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் படித்துவிட்டு வந்து, ஊரின் பெயரைச் சொல்லக் கூச வேண்டாம். பெற்றோரிடம் சென்னையைக் குறைத்துக் கதைக்கவும் வேண்டாம். பிள்ளை பாடுவதைத்தான் அவர்கள் கடைசியில் கேட்பார்கள்.

அந்த 11 மெட்டுக்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையில் ஆசையாக இருக்கிறது.

முதலில், போனில் உங்கள் குரலைக் கேட்டு அருவருத்துப்போய் மெட்டையே வெறுத்துவிட்டீர்களா என்று யோசியுங்கள். நாம் பாடும்போது நம் குரல் காற்று வழியாகவும் நமக்குக் கேட்கிறது, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. எலும்பு வழி வருவதில் கார்வை கூட. ஒலிப்பதிவில் அந்தப் பங்கு இல்லாததால் குரல் மெலிந்து, வேறு யாரோ பாடுவது போலிருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அதை வைத்து மெட்டுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது, மெட்டுப் போடுகிற நேரத்திலேயே நீதிபதியையும் பக்கத்தில் இருத்தி வைக்காதீர்கள். பல்லவியின் இரண்டாவது வரி வருவதற்குள் "இது ஏற்கெனவே யாரோ போட்டது போலிருக்கே", "இதைக் கேட்டால் அந்த ஆசிரியை என்ன நினைப்பா" என்று தொடங்கினால் மெட்டு அந்த இடத்திலேயே செத்துப்போகும். எவ்வளவு கோணலாக இருந்தாலும் கடைசி வரிவரை போய்விடுங்கள். ஒரு கிழமை அதைத் தொடாதீர்கள். பிறகு கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்கும்போது விலாசம் உள்ள கேள்விகளையே கேளுங்கள். தமிழ்க் கவிதைக்கு மெட்டுப் போடுகிறவர்களுக்கு முதல் கேள்வி குறிலும் நெடிலும். தாளத்துக்கு இடம் இருக்கிறதென்று குறிலை இழுத்தால் 'மனம்' 'மானம்' ஆகிவிடும், 'கல்' 'கால்' ஆகிவிடும். கவிஞர் எழுதாத கவிதையை நீங்கள் பாடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, மூச்சு எங்கே விழுகிறது? ஒரு சொல்லின் நடுவில் ஆவர்த்தனம் முடிந்து, மிச்சச் சொல் அடுத்த ஆவர்த்தனத்துக்குப் போய் விழுகிறதா? மூன்றாவது, உங்கள் தொண்டை நன்றாகச் செய்கிற பிருகா, அதாவது வேகமான ஸ்வரச் சுழற்சி, ஒன்றைக் காட்டுவதற்காகவே ஒரு சங்கதியை வைத்திருக்கிறீர்களா? அந்த வரி அழுகிற வரியாக இருந்தால் பிருகாவை எடுத்துவிடுங்கள். கர்வம் மெட்டுக்குள் நுழைகிற கதவு பெரும்பாலும் அதுதான். சந்தேகம் நுழைகிற கதவும் ஒன்று உண்டு: சும்மா நேராக நின்று பாடினால் போதும் என்ற இடத்தில் "இவ்வளவுதானா என்று கேட்பார்களோ" என்று பயந்து ஸ்வரங்களை அடுக்குவது.

பிறகு ஒரே ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எதைப் பாடினாலும் நல்லது என்கிற அம்மாவும் வேண்டாம், உங்களோடு போட்டியில் இருக்கிறவரும் வேண்டாம். அந்தக் கவிதையில் விருப்பமுள்ள ஒருவர் நல்லது, சங்கீதம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "எப்பிடி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அதற்கு "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும், அன்றிரவு அதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். "எந்தச் சொல் உங்களுக்கு விளங்கேல்லை?" என்று கேளுங்கள்.

மேடைக்கு இன்னும் அவசரப்பட வேண்டாம். வரும் நவராத்திரியில் கோயிலில் ஒரு பாட்டு, நன்றாகப் பழகியது, வழக்கத்தைவிட அரைக் கட்டை குறைத்து. பயத்தில் அட்ரினலின் ஏறும்போது மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும், குரல்வளைத் தசை இறுகும். அந்த நிலையில் உங்கள் வழமையான தார ஸ்தாயி எட்டாமல் போகலாம். அதற்காகத்தான் அந்த அரைக் கட்டை. மண்டபக்காரரிடம், அடுத்த முறை கேளுங்கள், பாடுவேன் என்று ஒரு செய்தி அனுப்பிவையுங்கள்.

நித்திரையில்லாமை மட்டும் சங்கீத ஆசிரியைக்கு உரிய விஷயம் இல்லை. மூன்று கிழமை நீண்ட காலம். குடும்ப வைத்தியரிடமோ ஓர் உளவளத்துணையாளரிடமோ போய்க் கதையுங்கள். உடனே யாரோடாவது கதைக்க வேண்டும் போலிருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் எந்த நேரமும் இருக்கிறது.

மெட்டுக்கள் ஒன்றையும் அழிக்க வேண்டாம். முதலாவதாகப் போட்டதை, திருத்தாமல், போனில் இருக்கிறபடியே எனக்கு அனுப்புங்கள். கவிதையை எழுதி அனுப்ப வேண்டாம். நான் மெட்டைக் கேட்டுக் கவிதையை என் கையால் எழுதி உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன். எந்தச் சொல்லை நான் பிழையாக எழுதியிருக்கிறேன் என்று நீங்கள் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அம்மா